குறட்டையும் பகல் நித்திரையும்: சீபாப் இயந்திரத்துக்குத் தயாராவது எப்படி?

"அவர் நல்லாய்க் குறட்டை விட்டு நித்திரை கொள்ளுறார்" என்று எம்மவர்கள் சொல்லும்போது அதில் ஒரு திருப்தி தொனிக்கும். குறட்டை ஆழ்ந்த நித்திரையின் அடையாளம் என்பது ஊரிலிருந்தே நாம் கொண்டு வந்த நம்பிக்கை. வைத்தியர்களாகிய எமக்கோ அதைக் கேட்டவுடன் வேறொரு கேள்வி எழும்: அந்தக் குறட்டை இடையிடையே நின்று போகிறதா?

நித்திரையில் தொண்டைத் தசைகள் தளரும்போது சிலருக்கு மூச்சுப்பாதை முற்றாகவோ பகுதியாகவோ அடைபடுகிறது. பத்து விநாடிக்கு மேல் மூச்சு நின்றால் அதை ஒரு தடையாகக் கணக்கிடுகிறோம். இரத்தத்தில் ஒட்சிசன் குறைய, மூளை திடுக்கிட்டு எழுப்ப, ஒரு பெரிய இழுப்புடன் மூச்சு மீள்கிறது. இது இரவு முழுவதும் நடந்தாலும் காலையில் அவருக்கு ஒன்றும் நினைவிருக்காது. பக்கத்தில் படுத்திருப்பவருக்குத்தான் தெரியும். ஆகவே இந்த நோய்க்கு முதற் சாட்சி கணவன் அல்லது மனைவி. வைத்தியரிடம் போகும்போது அந்தச் சாட்சியையும் கூட்டிச் செல்லுங்கள்.

ஹம்மர்பெஸ்ட் போன்ற வடபகுதி ஊர்களில் இந்த நோய் ஒளிந்து கொள்வதற்கு வசதியான இடங்கள் பல உண்டு. நவம்பர் பிற்பகுதியிலிருந்து ஜனவரி பிற்பகுதிவரை சூரியன் அடிவானத்துக்கு மேல் வருவதில்லை. அந்த இருள்காலத்தில் களைப்பு என்றால் இருட்டுத்தான் காரணம் என்று எல்லோரும் தலையாட்டுவார்கள். கோடையில் இரண்டு மாதத்துக்கு மேல் சூரியன் மறைவதேயில்லை. அப்போது வெளிச்சத்தின் மேல் பழி. எண்பதுகளில் பின்மார்க்கின் மீன் தொழிற்சாலைகளுக்கு வந்து குளிரில் நின்று வேலை செய்த எமது மக்கள் இன்று ஐம்பது, அறுபது வயதைக் கடந்து விட்டார்கள். அவர்களுடைய களைப்புக்கு முறைவேலையும் வயதும் காரணமாகி விடுகின்றன. ஒஸ்லோவில் இரண்டு வேலை. கெட்ட கனவு கண்டு மூச்சுமுட்டி எழும்புபவர் நாட்டில் பட்டதை நினைத்துக் கொள்வார். வயதானவர்கள் பேய் அமுக்கியது என்பார்கள். இவையெல்லாம் உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் அவற்றுக்குப் பின்னால் மூச்சுத்தடையும் சேர்ந்திருக்கலாம்.

கிழக்கு நோர்வேயில் 30 முதல் 65 வயதானவர்களிடம் செய்யப்பட்டு 2011 இல் வெளியான ஆய்வு, ஏறக்குறைய 16 வீதமானோருக்கு இந்த நோய் இருக்கலாம் என்று மதிப்பிட்டது. உடல் எடையும் நீரிழிவும் இதனுடன் சேர்ந்தே பயணிப்பவை. ஒஸ்லோவில் 2002 இல் குடிவரவாளரிடையே நடந்த சுகாதார ஆய்வில் இலங்கையரிடம் நீரிழிவு அதிகமாகக் காணப்பட்டது பலருக்கு நினைவிருக்கும். தென்னாசியரான எமக்கு ஐரோப்பியரை விடக் குறைந்த எடையிலேயே இத்தகைய ஆபத்துகள் தொடங்குகின்றன. "நான் என்ன அவ்வளவு குண்டா?" என்று கேட்டுக்கொண்டு பரிசோதனையைத் தவிர்க்க வேண்டாம்.

பரிசோதனையும் முடிவும்

உங்கள் குடும்ப வைத்தியர் முதலில் எப்வொர்த் வினாத்தாளைத் தரக்கூடும். அவுஸ்திரேலியாவில் உருவாகி 1991 இல் வெளியான அதில் எட்டுச் சூழ்நிலைகள் உண்டு: வாசிக்கும்போது, தொலைக்காட்சி பார்க்கும்போது, மதியச் சாப்பாட்டின் பின், வாகன நெரிசலில் நிற்கும்போது என்று. ஹம்மர்பெஸ்டில் வாகன நெரிசலுக்கு எங்கே போவது என்று கேட்காதீர்கள், கற்பனை செய்து எழுதலாம். மொத்தம் 24 புள்ளிகளில் 10 க்கு மேல் வந்தால் பகல் நித்திரை அளவுக்கு மிஞ்சியது எனக் கொள்வோம்.

அடுத்து, பெரும்பாலும் வீட்டிலேயே ஓர் இரவு செய்யும் பதிவு. நெஞ்சில் பட்டி, மூக்கில் சிறு குழாய், விரலில் ஒட்சிசன் மானி. ஒரு மணித்தியாலத்துக்கு எத்தனை தடைகள் என்பதே முடிவு. 5 முதல் 15 வரை இலேசானது, 15 முதல் 30 வரை நடுத்தரம், 30 க்கு மேல் கடுமையானது. இலேசான நோய்க்குச் சிலருக்குப் பல்வைத்தியர் செய்து தரும் தாடைக் கவசமே போதும். நடுத்தரத்துக்கும் கடுமைக்கும் பெரும்பாலும் சீபாப்.

சீபாப் என்பது ஒட்சிசன் இயந்திரம் அல்ல. அறையின் காற்றையே சிறிய அழுத்தத்துடன் முகக்கவசத்தின் வழியே செலுத்தி, மூச்சுப்பாதை ஒட்டிக்கொள்ளாமல் தாங்கிப் பிடிக்கிறது. அவ்வளவே அதன் வேலை. சிட்னியில் கொலின் சலிவன் என்ற வைத்தியரும் அவரது குழுவினரும் 1981 இல் இதை வெளியிட்டபோது தூசி உறிஞ்சும் இயந்திரத்தின் மோட்டாரைத்தான் பயன்படுத்தினார்கள். இன்றையவை கையடக்கமானவை, சத்தமும் மிகக் குறைவு. "ஒருமுறை பூட்டினால் அதற்கு அடிமையாகி விடுவேனாமே?" என்று கேட்கிறார்கள். மூக்குக்கண்ணாடிக்கு அடிமையாவது போலத்தான்: போட்டால் தெரியும், கழற்றினால் பழையபடி.

வாங்க வேண்டாம், கேளுங்கள்

நோர்வேயில் இந்த இயந்திரத்தை நாம் வாங்குவதில்லை. விசேட வைத்தியர் தேவை என்று முடிவு செய்தால், மருத்துவமனையின் சிகிச்சை உபகரணப் பிரிவு, அதாவது 'பெஹான்ட்லிங்ஸ்யெல்பெமித்லர்', அதை இலவசமாக இரவல் தருகிறது. முகக்கவசம், குழாய், வடிகட்டி போன்றவையும் அங்கிருந்தே வரும். ஆகவே கனடாவில் இருக்கும் மைத்துனர் தன் பழைய இயந்திரத்தை அனுப்புகிறார் என்றாலோ, இணையத்தில் பாதி விலைக்கு ஒன்று கிடைக்கிறது என்றாலோ வேண்டாம் என்று சொல்லி விடுங்கள். அழுத்தம் ஆளுக்கு ஆள் வேறுபடும். அத்துடன் 2021 ஜூனில் பிலிப்ஸ் நிறுவனம் உள்ளிருக்கும் ஒலியடக்கும் நுரை சிதைந்து சுவாசத்துடன் கலக்கக்கூடும் என்பதால் இலட்சக்கணக்கான இயந்திரங்களைத் திரும்பப் பெற நேர்ந்தது. கைமாறி வரும் பெட்டிக்குள் எது இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

அப்படியானால் தெரிவு செய்ய என்ன இருக்கிறது? இயந்திரத்தில் அதிகம் இல்லை. முகக்கவசத்தில்தான் எல்லாம் இருக்கிறது. சீபாப்பைக் கைவிட்டவர்களிடம் காரணம் கேட்டால் பத்தில் எட்டுப் பேர் இயந்திரத்தைத் திட்டுவார்கள். கிண்டிப் பார்த்தால் பொருந்தாத முகக்கவசமாகத்தான் இருக்கும் என்பது எமது அனுபவம்.

மூன்று வகை உண்டு. மூக்கை மட்டும் மூடுவது, மூக்குத் துவாரங்களில் சிறு தலையணை போல் பொருந்துவது, மூக்கையும் வாயையும் சேர்த்து மூடுவது. மூக்கால் மூச்சு விடக்கூடியவருக்கு முதல் இரண்டும் இலகு. மூக்கடைப்பு உள்ளவர் அதற்கு முதலில் வைத்தியம் செய்துகொண்டால் பெரிய கவசம் தேவைப்படாமலும் போகலாம். இரவில் வாய் திறப்பவருக்குக் காற்று வாயால் வெளியேறும், காலையில் நாக்கு காய்ந்து கிடக்கும். அதைச் சொன்னால்தான் மாற்றித் தருவார்கள்.

உபகரணப் பிரிவின் தாதி கேட்காமல் விடக்கூடிய சில விடயங்களை நாமே சொல்ல வேண்டும். எங்கள் ஆண்களின் அடர்ந்த மீசைக்கு மேல் பெரிய கவசம் ஒட்டாது, காற்றுக் கசியும். மீசையை எடுக்கச் சொல்லமாட்டோம். துவாரத் தலையணை வகையைக் கேளுங்கள். பெண்களின் மூக்குத்தியும் அப்படித்தான். இரவில் கழற்றலாமா என்று முதலே யோசித்து, கழற்ற விரும்பாவிட்டால் அதை வெட்கப்படாமல் சொல்லுங்கள். தலைக்கு நல்லெண்ணெய், தேங்காயெண்ணெய் வைப்பவர்கள் அதைப் பகலுக்கு மாற்றுவது நல்லது. எண்ணெய் பட்டிகளை இளக்கும், சிலிக்கோனைக் கெடுக்கும். படுக்குமுன் முகத்தைக் கழுவி, கிறீம் பூசாமல் கவசத்தை மாட்டவும். பொய்ப்பல் கட்டியவர்கள் இரவில் எப்படிப் படுப்பார்களோ அப்படியே வந்து அளவு பார்க்க வேண்டும்.

அளவு பார்க்கும்போது கதிரையில் இருந்து பார்த்துவிட்டு வந்து விடாதீர்கள். படுத்து, காற்றையும் ஓட விட்டுப் பார்க்கக் கேளுங்கள். படுக்கும்போது முகத்தின் தசை மாறும். கசிந்தால் பட்டியை இறுக்கத் தோன்றும். பெரும்பாலும் தளர்த்தி மீண்டும் பொருத்துவதே சரி.

இருதயத்தில் பேஸ்மேக்கர் உள்ளவர்கள், உடலில் உலோகம் பதித்தவர்கள் கட்டாயம் சொல்ல வேண்டும். சில கவசங்களின் கொளுக்கிகளில் காந்தம் உண்டு; 2022 இலும் 2023 இலும் உற்பத்தியாளர்கள் இதுபற்றி எச்சரித்தார்கள். பக்கத்தில் படுப்பவருக்கு அத்தகைய கருவி இருந்தாலும் இது பொருந்தும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். முகத்தை மூடுவது எல்லோருக்கும் ஒன்றல்ல. தடுத்து வைக்கப்பட்டு, மூச்சுத் திணறடிக்கப்பட்ட அனுபவம் உள்ளவர்கள் எம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுக்கு முதல் இரவே கவசத்தைப் பிய்த்தெறியத் தோன்றினால் அது பிடிவாதமல்ல. முழு விபரம் சொல்லத் தேவையில்லை. "முகத்தை மூடினால் எனக்குப் பயம் வரும், மெதுவாகத் தொடங்க வேண்டும்" என்ற ஒரு வசனம் போதும். அதைச் சொல்ல மொழி தடையானால் உரைபெயர்ப்பாளரைக் கேளுங்கள். ஒழுங்கு செய்வது மருத்துவமனையின் பொறுப்பு. 2022 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள சட்டப்படி பிள்ளைகளை உரைபெயர்ப்பாளராகப் பயன்படுத்தக் கூடாது. தகப்பனின் இந்தக் கதையைப் பன்னிரண்டு வயது மகள் தாதிக்கு மொழிபெயர்க்க வேண்டிய நிலை வரவே கூடாது.

முதல் வாரங்கள்

இரவில் தொடங்காதீர்கள், பகலில் தொடங்குங்கள். முதலில் கவசத்தை மட்டும் போட்டுக்கொண்டு தொலைக்காட்சி பாருங்கள். அடுத்த நாள் காற்றுடன் அரை மணித்தியாலம். பிறகு ஒரு குட்டித் தூக்கம். அதன் பின் இரவு. இயந்திரம் குறைந்த அழுத்தத்தில் தொடங்கி மெல்ல மெல்ல உயரும்படி அமைக்கலாம். அதைக் கேட்டு வாங்குங்கள்.

ஹம்மர்பெஸ்ட் குளிர்காலத்தில் சூடாக்கப்பட்ட வீட்டுக்குள் காற்று வரண்டு போகும். மூக்கு எரியும், இரத்தமும் கசியலாம். எனவே ஈரமூட்டியுடன் தரும்படி கேளுங்கள். ஆனால் நோர்வேஜியரைப் பார்த்துப் படுக்கையறை யன்னலைத் திறந்துவிட்டுப் படுக்கும் பழக்கம் எம்மவர் பலருக்கும் வந்து விட்டது. ஈரமான சூட்டுக்காற்று குளிர்ந்த குழாயில் நீராகி, நடுச்சாமத்தில் களகள என்று சத்தமிட்டு முகத்தில் சொட்டும். இயந்திரம் பழுதென்று எண்ண வேண்டாம். குழாயைப் போர்வைக்குள் விடுங்கள், இயந்திரத்தைக் கட்டில் மட்டத்துக்குக் கீழே வையுங்கள். போதாவிட்டால் சூடேறும் குழாய் உண்டு. தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள், கொதித்தாறிய நீர் நல்லது. கவசத்தை மென்மையான சவர்க்காரத்தால் கழுவினால் போதும்.

இரவு வேலை செய்துவிட்டுப் பகலில் படுப்பவர்களுக்கு: எப்போது நித்திரையோ அப்போது இயந்திரம். மதியத் தூக்கத்துக்கும்தான். நித்திரைக் குளிசையும் மதுவும் தொண்டையை மேலும் தளர்த்தும். வைத்தியரிடம் கேளாமல் குளிசை எடுக்க வேண்டாம்.

எத்தனை மணித்தியாலம் என்பது முக்கியம். ஏற்கனவே இருதய நோயோ பாரிசவாதமோ இருந்தவர்களிடம் செய்யப்பட்டு 2016 இல் வெளியான பெரிய ஆய்வில் சீபாப் புதிய மாரடைப்புகளைக் குறைக்கவில்லை. அவர்கள் சராசரியாக இரவுக்கு 3.3 மணித்தியாலமே அணிந்திருந்தார்கள். எனவே மாரடைப்பைத் தடுக்கும் என்று நாம் வாக்குறுதி தரமாட்டோம். பகல் நித்திரையும் மனச்சோர்வும் குறைந்ததை அதே ஆய்வு காட்டியது. நான்கு மணித்தியாலம் குறைந்தபட்சம்; படுக்கும் நேரம் முழுவதும் அணிவதே இலக்கு.

சாரதி அனுமதிப்பத்திரம்

பலர் வைத்தியரிடம் வராமல் ஒளிப்பது இதற்குத்தான். ஒஸ்லோவில் டாக்சியும் பஸ்ஸும் ஓட்டிக் குடும்பம் நடத்துவோர் எம்மவரில் உண்டு. அவர்களின் பயம் எமக்கு விளங்குகிறது. விதி இதுதான்: நடுத்தர அல்லது கடுமையான மூச்சுத்தடையுடன் பகல் நித்திரையும் இருந்தால், சிகிச்சை பலன் தரும்வரை வாகனம் ஓட்டக் கூடாது. அந்தக் காலம் ஆறு மாதத்துக்குள் முடியும் என்றால் வைத்தியர் வாய்மூலம் தடை சொல்வார். நீளும் என்றால் மாவட்ட ஆளுநர் அலுவலகத்துக்கு அறிவிக்கும் கடமை அவருக்கு உண்டு. கனரக வாகன, பயணிகள் வாகன சாரதிகளுக்குக் கட்டுப்பாடு கூடுதல். ஆனால் சிகிச்சையில் நித்திரை தெளிந்தால் மீண்டும் ஓட்டலாம். புதிய இயந்திரங்கள் எத்தனை மணித்தியாலம் அணிந்தீர்கள் என்பதைப் பதிவு செய்கின்றன, அந்தப் பதிவே உங்களுக்குச் சான்று. ஒளித்து வைப்பவருக்கு அந்தச் சான்று கிடையாது. ஸ்காய்டி வழியாக செனலான்டெட் மேட்டைக் கடந்து அல்டாவுக்குப் பனிக்கால இருட்டில் போனவர்களுக்கு அந்தப் பாதையில் ஒரு விநாடி கண்ணயர்ந்தால் என்னவாகும் என்று நாம் சொல்லத் தேவையில்லை.

ஊருக்குப் போகும்போது

இயந்திரத்தைப் பெட்டிக்குள் போட்டு விமானத்தில் அனுப்பாமல் கையோடு கொண்டு செல்லுங்கள். மருத்துவக் கருவிக்குத் தனி இடம் தருமா என்று விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே கேளுங்கள். வைத்தியரின் ஆங்கிலக் கடிதம் ஒன்று கையில் இருக்கட்டும். நீர்த்தொட்டியை வெறுமையாக்கிக் கொள்ளவும். பெரும்பாலான இயந்திரங்கள் இலங்கை மின்சாரத்தில் வேலை செய்யும்; ஆனால் அங்குள்ள மூன்று முள் செருகிக்கு மாற்றி தேவை. யாழ்ப்பாணத்தின் புழுக்கத்தில் ஈரமூட்டியைக் குறைத்தோ நிறுத்தியோ விடலாம். நுளம்பு வலைக்குள் குழாயைக் கொண்டு போகும்போது வலையின் ஓரத்தை மெத்தைக்குக் கீழ் நன்றாகச் செருகிக் கொள்ளுங்கள். மின்சாரம் நின்ற இரவில் மல்லாந்து படுக்காமல், தலைமாட்டை உயர்த்திப் பக்கவாட்டில் படுக்கவும்.