ஆழ்கடற் சேறும் குளத்துக் கரம்பையும்

குளத்திலிருந்து புதிதாக வெட்டியெடுத்த கரம்பை கறுத்தும், அழுகிய முட்டையின் நாற்றம் வீசியும் இருப்பதைத் திண்டுக்கல் பக்கத்துக் குடியானவர்கள் யாவரும் அறிவர். இதன் காரணத்தை அறியக் கடலின் அடிக்குச் செல்லுதல் வேண்டும்.

கடலடியிற் படிந்துள்ள சேற்றில், சூரிய வெளிச்சம் சிறிதும் எட்டாத ஆழத்திலும், கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. மேலிருந்து விழும் இறந்த ஜீவராசிகளின் எச்சமே இவற்றிற் பெரும்பாலானவற்றிற்கு உணவு. தென் பசிபிக் கடலடியில் 2010-ஆம் ஆண்டு துளைத்தெடுத்த, 10 கோடி ஆண்டுகட்கு முற்பட்ட களிமண்ணிலிருந்த நுண்ணுயிர்கள், உணவளித்ததும் பெருகின என்பதை ஜப்பானிய விஞ்ஞானிகள் 2020-இல் வெளியிட்டனர்.

உணவினின்று சக்தி பெற நமக்குப் பிராணவாயு வேண்டும். எச்சம் மிகுந்த சேற்றில் அது விரைவிலே தீர்ந்துபோம். அதற்குப் பதிலாக அங்குள்ள நுண்ணுயிர்கள் முதலில் நைட்ரேட்டையும், அடுத்து மாங்கனீஸ், இரும்பு இவற்றின் துருவையும், அதன்பின் ஸல்பேட்டையும் உபயோகிக்கின்றன. ஸல்பேட்டிலிருந்து பிறப்பதே முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் ஸல்பைடு. அது இரும்புடன் கூடிச் சேற்றைக் கறுப்பாக்கும். இவையெல்லாம் தீர்ந்த இடத்தில் மீதேன் வாயு உண்டாகும். 2006-இல் கிருஷ்ணா-கோதாவரிப் படுகைக் கடலில் துளையிட்டபோது, மீதேனும் நீரும் பனிக்கட்டிபோல் உறைந்த படிவு ஓரிடத்தில் சுமார் 128 மீட்டர் கனத்திற்குக் காணப்பட்டது. அம்மீதேன் பெரும்பாலும் நுண்ணுயிர்களால் உண்டானதே. சாணவாயுக் கலத்தில் நிகழ்வதும் இத்தொழிலே.

கடல்நீரில் ஸல்பேட்டு மிகுதி. நன்னீர்க் குளத்தில் குறைவு. ஆகவே குளத்துச் சேற்றில் மீதேன் விரைவில் தோன்றும். ஆனால் தோல் பதனிடும் சாலைகளின் கழிவுநீர் சேர்ந்த குளத்தில் உப்பும் ஸல்பேட்டும் மிகுவதால், அதன் சேறு கடற்சேற்றின் தன்மையை அடைந்து கடும் நாற்றம் வீசும்.

இவற்றால் விவசாயிகள் அறியவேண்டுவன:

1. செம்மண், மணற்பாங்கான நிலங்களில் ஈரம் காக்கக் கரம்பை மிக நன்று. அதைக் கோடையில் வெட்டி, மெல்லிதாகப் பரப்பி, நாற்றம் நீங்கும்வரை உலர்த்திக் கட்டிகளை உடைத்தபின் நிலத்திற் சேர்க்கவும்.

2. தோல் கழிவு கலந்த குளத்துக் கரம்பையைப் பரிசோதியாமல் இடலாகாது. உலர்த்தினால் நாற்றம் போகுமேயன்றி உப்பும் குரோமியமும் போகா.

3. நீர் தேங்கிய நெல் வயலில் நைட்ரேட்டு உரமிடின், நுண்ணுயிர்கள் அதை வெறும் நைட்ரஜன் வாயுவாக்கிக் காற்றிற் போக்கிவிடும். இட்ட பணமும் அதனுடன் போம். அம்மோனியம், யூரியா உரங்களைச் சேற்றினுள் அமுக்கி இடுக.

4. நெற்பயிரின் வேர் கறுத்து நாறினால், நீரை வடித்துச் சில நாள் காற்றோட்டம் தருக.

5. கழிவுக் குழிகளிலும் சாணவாயுக் கலங்களிலும் இறங்குதல் பேராபத்து. ஹைட்ரஜன் ஸல்பைடு மிகுந்தால் மூக்கு மரத்து, நாற்றமே தோன்றாது. நாற்றமில்லையென்று நம்பி இறங்கியவரும், அவரை மீட்கச் சென்றவரும் உயிரிழக்க நேரும். இதைப் பண்ணையாட்களுக்கும் வீட்டாருக்கும் தவறாது எடுத்துரைக்க வேண்டும்.