பொய்ப்புழு வார்த்த கதை

தூண்டில் முள்ளில் மண்புழுவைக் கோத்துக்கொண்டு குளக்கரையில் காத்திருப்பவரை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அப்புழுவுக்குப் பதிலாக உயிரற்ற ஒரு பொருளை நீரில் ஓடவிட்டு மீனை ஏமாற்றும் முறையும் நெடுங்காலமாக உண்டு. அமெரிக்காவில் ஜூலியோ பியூல் என்பவர் கரண்டி வடிவான உலோகத் தகட்டில் முள்ளைப் பொருத்தி 1852-இல் காப்புரிமை பெற்றார். பின்லாந்து நாட்டின் லாரி ரப்பாலா 1936-இல் தக்கையைக் கத்தியால் செதுக்கி, சாக்லேட் சுற்றிவரும் ஈயத்தாளை அதன்மேல் ஒட்டி, புகைப்படச் சுருளை உருக்கிப் பூசி, நொண்டி நீந்தும் சிறு மீன் ஒன்றைச் செய்தார். கூட்டமாகச் செல்லும் மீன்களில் எது தள்ளாடுகிறதோ அதையே பெரிய மீன் குறிவைக்கும் என்பதை அவர் கவனித்திருந்தார். அந்தத் தள்ளாட்டமே அவருடைய இரையின் உயிர்.

ஆயினும் உலோகமும் மரமும் கடினமானவை. லார்ஜ்மவுத் பாஸ் போன்ற மீன் இரையைக் கடித்துப் பிடிப்பதில்லை. வாயைத் திடீரென அகலத் திறக்கிறது. உள்ளே பாயும் நீரோடு இரையும் போய்விடுகிறது. உள்ளே போனது கடினமாக இருந்தால் நொடியில் துப்பிவிடும். மென்மையாக இருந்தால் சற்று நேரம் வாயில் வைத்திருக்கும். தூண்டில்காரனுக்கு வேண்டியது அந்தச் சற்று நேரம்தான். 1949-இல் ஓஹையோ மாநிலத்து ஆக்ரன் நகரில் நிக் கிரீம் என்பவரும் அவர் மனைவி காஸ்மாவும் தம் வீட்டுச் சமையலறை அடுப்பில் வினைல் குழம்பைக் காய்ச்சி, உண்மையான மண்புழுவைக் கொண்டு எடுத்த அச்சில் ஊற்றி, மென்மையான பிளாஸ்டிக் புழுவை உருவாக்கினார்கள். இன்று அமெரிக்காவில் எத்தனையோ பேர் வீட்டுக் கொட்டகையில் தமக்கு வேண்டிய நிறத்திலும் வடிவிலும் பொய்ப்புழு வார்த்துக்கொள்கிறார்கள். அவர்கள் எல்லோருக்கும் மூலம் அந்த அடுப்புத்தான்.

அந்தக் குழம்பு பிறந்ததும் ஆக்ரனிலேயே என்பது வேதியியல் மாணவனாகிய எனக்கு இனிமையான செய்தி. அங்கே பி.எஃப். குட்ரிச் நிறுவனத்தில் பணியாற்றிய வால்டோ செமன், ரப்பரை உலோகத்தோடு ஒட்டவைக்கும் பசையைத் தேடிக்கொண்டிருந்தார். 1926-இல் பாலிவினைல் குளோரைடை அதிகக் கொதிநிலையுள்ள திரவத்தில் சூடாக்கிப் பார்த்தபோது பசை கிடைக்கவில்லை. வளையும், துள்ளும் ஒரு பொருள் கிடைத்தது. இன்றைய மழைக்கோட்டும் மின்கம்பி உறையும் அதன் வழித்தோன்றல்கள்.

பிளாஸ்டிசால் என்பது இதன் ஊற்றக்கூடிய வடிவம். பாலிவினைல் குளோரைடின் நுண்ணிய துகள்கள் மென்மையாக்கி எனப்படும் எண்ணெய் போன்ற திரவத்தில் மிதந்துகொண்டிருக்கும். பார்வைக்குக் கெட்டிப் பால். சூடு ஏற ஏறத் துகள்கள் திரவத்தை உறிஞ்சிப் பருக்கின்றன. குழம்பு இறுகிக் கட்டிதட்டுகிறது. மேலும் சூடாக்கினால், ஏறத்தாழ 170 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது, துகள்களின் எல்லைகள் கரைந்து ஒன்றாகி, வெண்மை மறைந்து, தெளிந்த பாகு போல் ஓடுகிறது. அப்போதுதான் அச்சில் ஊற்ற வேண்டும். ஆறினால் ரப்பர் போன்ற பொருள் கிடைக்கும். திரவம் மிகுதியானால் புழு மென்மையாகும்; குறைந்தால் விறைக்கும்.

இந்தப் பொருளைத் தேடி நாம் அமெரிக்காவுக்குப் போக வேண்டியதில்லை. திருப்பூரில் பனியன்மேல் படம் அச்சிடும் பட்டறைகளில் நாள்தோறும் பயன்படும் மையின் பெயரே பிளாஸ்டிசால் மை. சட்டையை நீட்டினாலும் படம் வெடிக்காமல் இருப்பது அதனால்தான். அப்பட்டறை ஒன்றில் வேலை பார்க்கும் உறவினர், நிறம் சேர்க்காத மைக்குழம்பு ஒரு டப்பாவும், அதைத் தளர்த்தும் திரவம் ஒரு புட்டியும் தந்தார். நானும் என் வகுப்புத் தோழனும் முயற்சியில் இறங்கினோம்.

அச்சுக்கு முதலில் பாரிஸ் சாந்தையே நாடினோம். மண்புழு ஒன்றைப் பதித்து எடுத்த அச்சு பார்க்க அழகாகவே இருந்தது. ஆனால் சாந்து நுண்துளைகள் நிறைந்தது; காய்ந்ததுபோல் தோன்றினாலும் உள்ளே ஈரம் ஒளிந்திருக்கும். நீர் கொதித்து ஆவியாகும்போது சுமார் 1,700 மடங்கு பருமனாகிறது. 170 டிகிரிக் குழம்பு அதன்மேல் பட்டதும் சீறித் தெறித்தது. என் முழங்கையில் ஒரு கொப்புளம், புழு முழுவதும் குமிழி. அச்சைச் சூளையில் நன்கு உலர்த்தி, மேற்பரப்பில் பூச்சுப் பூசியிருந்தால் இது நேர்ந்திராது. எங்களுக்கு அவசரம்.

தோழனின் அண்ணன் கோவையில் ஒரு எந்திரப் பட்டறையில் சி.என்.சி. மில்லிங் இயக்குபவர். முதலாளியிடம் கேட்டுக்கொண்டு, கழிவில் கிடந்த அலுமினியக் கட்டி இரண்டில் எங்களுக்கு அச்சு வெட்டித்தர இசைந்தார். ஒரு புழுவை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்தால் ஒவ்வொரு பாதியும் ஒரு கட்டியில் பள்ளமாக அமைய வேண்டும். ஒன்று மற்றதன் கண்ணாடிப் பிம்பம். இரண்டும் மயிரிழை பிசகாமல் பொருந்துவதற்கு இரண்டு குத்தூசிகள். குழம்பு நுழைய ஒரு வாய். 9 செ.மீ. நீளத்தில், வால் மட்டும் மெல்லியதாகச் சுருண்ட புழு ஒன்றைக் கணினியில் வரைந்து கொடுத்தோம்.

வெட்டும் உளியின் நுனி உருண்டை. அது பக்கம் பக்கமாக நகர்ந்து உழும்போது இரு சால்களுக்கிடையே ஒரு சிறு வரப்பு எஞ்சும். அதன் உயரம், நகர்வின் வர்க்கத்தை உளியின் ஆரத்தைப் போல் எட்டு மடங்கால் வகுத்தால் கிடைப்பது ஏறத்தாழச் சரி. 1 மி.மீ. ஆரமுள்ள உளி 0.2 மி.மீ. நகர்ந்தால் வரப்பு 0.005 மி.மீ. நகர்வைப் பாதியாக்கினால் வரப்பு காற்பங்காகும். வெட்டும் நேரமோ இரட்டிக்கும். அண்ணன் இந்தச் சூத்திரத்தைக் காகிதத்தில் போட்டுப் பார்க்கவில்லை. “புள்ளி ரெண்டு போதும் தம்பி, மீனு என்ன பூதக்கண்ணாடியா வச்சிருக்கு?” என்றார். அவர் சொன்னது சரியாகவே இருந்தது.

அலுமினியம் ஏன் சிறந்தது? வெப்பத்தைக் கடத்துவதில் சாந்தைவிடப் பல நூறு மடங்கு வேகம். 10 கிராம் குழம்பு 175 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்கு ஆறுவதாகக் கொள்வோம். அதன் வெப்ப ஏற்புத்திறனை 1.8 என்று வைத்தால் அது விடும் வெப்பம் சுமார் 2,430 ஜூல். 300 கிராம் அலுமினிய அச்சுக்கு (வெப்ப ஏற்புத்திறன் 0.9) இது 9 டிகிரி உயர்வுதான். ஆகவே புழு விரைவில் இறுகிவிடும். ஐந்தாறு புழுக்கள் வார்த்தபின் அச்சே சுட ஆரம்பிக்கும். அப்போது சற்று ஆறவிட வேண்டும். இன்னொரு வசதியும் உண்டு. உலோகம் வார்ப்பவர் அச்சில் உட்குடைவு இருந்தால் வார்ப்பை வெளியே எடுக்க முடியாமல் திண்டாடுவார். நம் புழுவோ நீண்டு வளைந்து தானாகவே வெளியே வந்துவிடும்.

இனி அடுப்புக்கு வருவோம். வீட்டுத் திண்ணையில் மின்னடுப்பின்மேல் மணல் தட்டு. அதில் புதைத்த எவர்சில்வர் டம்ளர். அதனுள் 360 டிகிரி வரை காட்டும் வெப்பமானி. முதல் இருமுறையும் குழம்பு இறுகிக் கட்டிதட்டியதும் கெட்டுவிட்டதென்று எண்ணிக் கொட்டிவிட்டோம்! துகள் பருக்கும் நிலை அதுதான், விடாமல் கிளறிச் சூடாக்கியிருந்தால் இளகியிருக்கும் என்று எங்கள் துறைப் பேராசிரியர் விளக்கியபின்தான் புரிந்தது. பாடத்தில் படித்ததை அடுப்பில் அடையாளம் காணத் தெரியவில்லை.

மூன்றாம் முறை எதிர்த்திசையில் தவறினோம். பேச்சுச் சுவாரசியத்தில் வெப்பமானியைப் பார்க்கவில்லை. 200 டிகிரியைத் தாண்டியிருந்தது. பாகு மஞ்சளாகி, பழுப்பாகி, மூக்கை அறுக்கும் நெடி கிளம்பியது. பாலிவினைல் குளோரைடு மிகுசூட்டில் ஹைட்ரஜன் குளோரைடை வெளிவிடுகிறது. ஓரிடத்தில் ஒரு மூலக்கூறு கழன்றால் அடுத்தது எளிதில் கழல்கிறது. சட்டைப் பொத்தான்கள் வரிசையாகத் தெறிப்பதுபோல. எஞ்சும் இரட்டைப் பிணைப்புகளின் தொடர்தான் அந்த மஞ்சளும் பழுப்பும். வெளியேறிய அமிலமே மேலும் சிதைவைத் தூண்டும். நனைத்த நீல லிட்மஸ் தாளைக் காட்டினேன், உடனே சிவந்தது. சோதனை வெற்றி, ஆனால் தோழன் அன்றிரவு முழுவதும் இருமினான். திண்ணையில் செய்ததால் அதோடு போயிற்று. சன்னல் மூடிய சமையலறையாக இருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணவே அச்சமாக இருக்கிறது. இதைப் படித்துவிட்டு முயல விரும்பும் நண்பர்கள் திறந்த வெளியில், கண்ணாடியும் கையுறையும் அணிந்து, வெப்பமானியை விட்டுக் கண்ணெடுக்காமல் செய்க. சூடாக்கிய பாத்திரம் மீண்டும் சமையலுக்குப் போகக்கூடாது. எங்கள் டம்ளரை அம்மா கண்டுபிடித்தது தனிக்கதை.

நான்காம் முறை பாகு தெளிந்தது. கால்நடை மருந்துக் கடையில் வாங்கிய, உலோகக் கூடுள்ள பெரிய ஊசிக்குழலைச் சூடாக்கி, அதில் உறிஞ்சி அச்சின் வாயில் செலுத்தினோம். திறந்தால் புழுவுக்கு வால் இல்லை! மறுபடியும் வார்த்தோம், மறுபடியும் மொட்டை. அச்சைச் சூடாக்கிப் பார்த்தோம். வால் பாதி வளர்ந்தது. காரணம் மறுநாள்தான் தெரிந்தது. பள்ளத்திலிருந்த காற்று வெளியேற வழியில்லாமல் வால் நுனியில் சிறைப்பட்டுக் கிடந்தது. அண்ணன் சிரித்துக்கொண்டே கூர்முனைக் கம்பியால் வால் நுனியிலிருந்து கட்டியின் விளிம்புவரை மயிரிழையளவு ஒரு கோடு கிழித்தார். காற்று அதன்வழி போய்விடும். கெட்டியான பாகு போகாது. அடுத்த புழு வாலோடு பிறந்தது. ஊசிக்குழலை உடனே எடுக்காமல் சில நொடி அழுத்திப் பிடித்தால், ஆறும்போது உடல் சுருங்கிக் குழி விழுவதும் நின்றது.

நிறத்துக்குப் பட்டறை மையிலேயே ஒரு சொட்டுக் கறுப்பு. நிறத்தைவிட அசைவே முதன்மை. மீனின் உடலில் இருபுறமும் ஓடும் பக்கக்கோடு நீரின் அதிர்வை உணரும் உறுப்பு. கலங்கிய நீரிலும் சுருள்வாலின் துடிப்பை அது அறிந்துவிடும்.

என் அப்புச்சி விரால் பிடிப்பதில் ஊரறிந்தவர். புழுவைக் கையில் வாங்கி வாலைச் சுண்டிப் பார்த்தார். “வாலு நல்லாத்தான் துடிக்குது கண்ணு” என்றார். இரண்டு மாலைகள் ஒன்றும் படவில்லை. மூன்றாம் மாலை, தாமரை இலையோரம் மெல்ல இழுத்து வந்தபோது நீர் குழிந்து ஒரு பெரிய அடி. தங்கூசி விறைத்தது, தளர்ந்தது. இழுத்துப் பார்த்தால் முள்ளில் பாதிப் புழு, வாலைக் காணவில்லை. நான் விராலை இழந்த வருத்தத்தில் இருந்தேன். அப்புச்சி வேறொன்றை நினைத்துக்கொண்டிருந்தார்.

“ஏங்கண்ணு, மண்புழுன்னா வகுத்துல செமிச்சுப் போயிரும். இத முழுங்குனது என்னாகும்?”

“தெரியலீங்க அப்புச்சி.”

பிறகு தேடிப் படித்தேன். செரிக்காது. வட அமெரிக்க ஏரிகளில் பிடிபட்ட மீன்களின் வயிற்றில் இத்தகைய பிளாஸ்டிக் துண்டுகள் கிடைத்திருக்கின்றன. மென்மையாக்கியாகப் பயன்படும் தாலேட்டு வகைகள் சிலவற்றைக் குழந்தைகளின் பொம்மைகளில் 0.1 விழுக்காட்டுக்கு மேல் சேர்க்கக்கூடாதென ஐரோப்பிய ஒன்றியம் 2005-இல் சட்டம் இயற்றியது. இன்று தாலேட்டு இல்லாத குழம்புகளும் விற்பனைக்கு வருகின்றன. எங்கள் புட்டியில் என்ன இருந்தது என்பதை அதன் மேலுறை சொல்லவில்லை. புழுவை நீரில் ஆழ்த்தும் ஈயக்குண்டும் குற்றமற்றதன்று. அன்னங்கள் ஈயக்குண்டுகளை விழுங்கி நஞ்சேறி இறந்ததால் பிரிட்டன் 1987-இல் 0.06 கிராம் முதல் 28.35 கிராம் வரையுள்ள தூண்டில் ஈயக்குண்டுகளின் விற்பனையைத் தடை செய்தது. வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகும், நஞ்சும் அன்று; அடர்த்தி மட்டும் குறைவு, ஈயம் 11.3 என்றால் இது 7.3. குண்டு சற்றுப் பெரிதாகும், அவ்வளவே. எங்கள் அடுத்த அச்சு வெள்ளீயக் குண்டுக்காக.

புழு கிழிந்து போகாமலிருக்க இப்போது அதன் இடுப்பில் ஒரு ரப்பர் வளையத்தை மாட்டி, அதில் முள்ளைக் கோக்கிறோம். கிழிந்த உடல்களைச் சேர்த்து வைத்து மறுபடி உருக்கி வார்க்கிறோம். இப்பொருள் அதற்கு இடம் கொடுக்கிறது. போன வாலை மட்டும் மீட்க வழியில்லை.

மீதமிருந்த ஆறு புழுக்களை ஒரு கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூடி வைத்திருந்தேன். அரையாண்டுத் தேர்வு முடிந்து திறக்கப் போனால் திறக்கவில்லை. புழுவிலிருந்து கசிந்த மென்மையாக்கி டப்பாவையே இளக வைத்து, ஆறு புழுக்களும் அதன் அடியில் பதிந்து ஒட்டிக்கிடந்தன. அந்த டப்பா இப்போது எங்கள் வேதியியல் ஆய்வகத்து அலமாரியில் இருக்கிறது, விரும்புவோர் பார்க்கலாம்.