நெல் மூடை அடுக்குதலும் தலைக்காயமும்

அறுவடையின் பின் நெல்லைக் களஞ்சியத்திற் சேர்க்குங் காலத்தில், அடுக்கிய மூடை சரிந்து கமக்காரரின் தலையில் விழுதலுண்டு. 60 கிலோகிராம் நிறையுள்ள மூடையொன்று 2 மீற்றர் வீழ்ந்ததும் மணிக்கு ஏறத்தாழ 22 கிலோமீற்றர் வேகத்தை அடையும். குனிந்து நிற்பவரின் மண்டையோடு மட்டுமன்றிக் கழுத்தெலும்பும் இதனால் முறியலாம்.

செங்கற் சுவரிற்போல, கீழ்வரிசை மூடைகளின் இணைப்பின்மேல் மேல்வரிசை மூடை அமையுமாறு அடுக்குக. பிளாத்திக்கு இழைச் சாக்கு சணற்சாக்கிலும் வழுக்குவதாதலின் அவ்வடுக்கு தாழ்வாயிருத்தல் நன்று. எலி கடித்த சாக்கிலிருந்து நெல் ஒழுகின் அடுக்கு ஒரு பக்கஞ் சாயும். நெல் நட்டத்தை எண்ணி வருந்துவோர் இச்சாய்வைக் கவனிப்பதில்லை. அடி மூடையை உருவுதல் ஒருபோதும் ஆகாது.

அடிபட்டவர் எழுந்து நடந்து, "ஒன்றுமில்லை" என்று கூறினும் நம்பற்க. மண்டையோட்டினுட் கசியுங் குருதி சில மணி நேரத்தின் பின்னரே மூளையை நெருக்குதலுண்டு. நினைவு தப்புதல், தலைவலி மிகுதல், மீண்டும் மீண்டும் வாந்தி, தூக்க மயக்கம், பேச்சுத் தடுமாற்றம், ஒரு கண்மணி பெருத்தல், காதிலோ மூக்கிலோ தெளிந்த நீர் வடிதல் என்பவற்றுள் ஒன்று தோன்றினும் 1990 என்னும் இலக்கத்தை அழைத்து நோயாளர் வண்டியை வருவிக்குக. அதுவரை கழுத்தை அசைத்தலாகாது. வாந்தியெடுப்பின் தலையும் உடலும் ஒருசேரப் பக்கவாட்டிற் புரட்டுக. சாராயங் கொடுத்தல் கூடாது. குறியொன்றுந் தோன்றாவிடினும் முதலிரவில் அவரைத் தனியே உறங்கவிடற்க.