கைப்பிடி வலிமை: பயிற்சிகளும் சாதனங்களும்

வயது முதிர்ந்த குடியானவர் ஒருவர் நீர் நிறைந்த செம்பைக் கையில் எடுக்கிறார். செம்பு நழுவித் தரையில் விழுகிறது. "வயதாகிவிட்டது" என்று கூறிவிட்டு வீட்டார் தத்தம் வேலையைப் பார்க்கச் செல்கின்றனர். நம் கிராமங்களில் அடிக்கடி காணும் காட்சியே இது. இன்று செம்பை நழுவவிட்ட கை, நாளை கிணற்றுக் கயிற்றையும், மாட்டின் தும்பையும், தடுக்கி விழும் வேளையில் பற்றவேண்டிய தூணையும் நழுவவிடக்கூடும். உழவரின் மூலதனத்தில் நிலமும் மாடும் கணக்கில் ஏறுகின்றன, கை ஏறுவதில்லை. அக்கையின் வலிமையை அறிவதும், வளர்ப்பதும், காப்பதும் எவ்வாறு என்பதை இங்கு ஆராய்வோம்.

கையின் அமைப்பு

மணிக்கட்டு முதல் விரல் நுனி வரை ஒரு கையில் 27 எலும்புகள் உள்ளன. விரல்களை மடக்கும் பெரிய தசைகள் விரல்களில் இல்லை. முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் இடையேயுள்ள முன்கையில் இருக்கின்றன. அவற்றிலிருந்து புறப்படும் தசைநாண்கள், கயிறுகளைப் போல மணிக்கட்டின் வழியே சென்று விரல் எலும்புகளை இழுக்கின்றன. வலது முன்கையை இடது கையால் பற்றிக்கொண்டு, வலது விரல்களை மடக்கி விரித்துப் பார்த்தால் இவ்வுண்மை விளங்கும்.

மற்றொரு சோதனையும் செய்து பார்க்கலாம். மணிக்கட்டை உட்புறமாக நன்கு வளைத்துக்கொண்டு ஒரு கோலை இறுகப் பிடிக்க முயலுங்கள்; பிடி தளர்ந்துவிடும். மணிக்கட்டைச் சற்றே பின்புறம் சாய்த்துப் பிடித்தால் பிடி இறுகும். எனவே, மடக்கும் தசைகளோடு, மணிக்கட்டை நிலைநிறுத்தும் புறத்தசைகளும் வலுப்பெறுவது அவசியம். மண்வெட்டி பிடித்தல், கதிர் அறுத்தல், பால் கறத்தல் ஆகிய யாவும் கையை மூடும் வேலைகளே. விரல்களை வலிந்து விரிக்கும் வேலை உழவில் அநேகமாக இல்லை. ஆகவே, நாள் முழுதும் பாடுபடுகிறவருக்கும் சிறிது தனிப்பயிற்சி நன்மை தரும்.

வலிமையின் அளவு

கைப்பிடியின் விசையைக் கிலோ கணக்கில் காட்டும் கருவிக்கு டைனமோமீட்டர் என்று பெயர். முதுமையில் தசை குன்றுவதை ஆராய்ந்த ஆசிய வல்லுநர் குழு ஒன்று, 2019-ஆம் ஆண்டில் ஓர் எல்லையை வகுத்தது. ஆண்களுக்கு 28 கிலோவுக்கும், பெண்களுக்கு 18 கிலோவுக்கும் குறைந்தால், அது வலிமைக் குறைவு எனக் கொள்ளப்படும்.

இந்தியா உட்பட 17 நாடுகளில் சுமார் 1,40,000 பேரிடம் நடந்த ஆராய்ச்சியின் முடிவு 2015-ஆம் ஆண்டில் லான்செட் என்னும் மருத்துவ இதழில் வெளியாயிற்று. பிடியின் விசை 5 கிலோ குறைவாக இருக்குந்தோறும் மரண அபாயம் சுமார் 16 சதவிகிதம் மிகுதியாக இருந்தது என்று அது கூறுகிறது. ஆனால் கையை மட்டும் பயிற்றினால் ஆயுள் நீளும் என்று இதற்குப் பொருளன்று. கைப்பிடி உடல் முழுவதன் நிலையைக் காட்டும் ஒரு கண்ணாடி. நல்ல உணவும், கால்களுக்கும் முதுகுக்கும் உரிய பயிற்சியும் உடன் வேண்டும்.

வீட்டிலேயே செய்யக்கூடிய பயிற்சிகள்

1. துணி பிழிதல்: நனைத்த தடித்த துண்டை முழங்கைகள் உடலை ஒட்டியிருக்கும்படி பிடித்து, வலப்புறமாக ஐந்து முறையும் இடப்புறமாக ஐந்து முறையும் முறுக்கவேண்டும். முதியோருக்கு இதுவே முதற்பாடம்.

2. வாளி சுமந்து நடத்தல்: இரு கைகளிலும் பாதி நிரம்பிய வாளிகளை ஏந்தி, நிமிர்ந்து 20 அடி எடுத்துவைத்து நடக்கவேண்டும். பழகப் பழக நீரை மிகுதியாக்கலாம். ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ எடையாதலால், எடையைக் கணக்கிடத் தராசு தேவையில்லை.

3. செங்கல் பிடித்தல்: செங்கல்லை மேலிருந்து கட்டைவிரல் ஒருபுறமும் மற்ற விரல்கள் மறுபுறமுமாகப் பற்றித் தூக்கி, பத்து விநாடி நிறுத்தவேண்டும். கால்மேல் விழாதபடி கையைப் பக்கவாட்டில் வைத்துக்கொள்க.

4. கோலில் கயிறு சுற்றல்: ஒன்றரை அடி நீளமுள்ள கோலின் நடுவில் கயிறு கட்டி, அதன் முனையில் ஒரு கிலோ கல்லைத் தொங்கவிடுக. இரு கைகளாலும் கோலைத் திருகிக் கல்லை மேலே ஏற்றி, மெதுவாக இறக்குக.

5. விரல் விரித்தல்: பழைய சைக்கிள் டியூபிலிருந்து நறுக்கிய வளையத்தை ஐந்து விரல்களையும் குவித்து அவற்றின்மேல் மாட்டி, விரல்களை விரிக்கவேண்டும். வளையம் கிடைக்காவிடில், நெல் நிறைந்த பாத்திரத்தில் கையைப் புதைத்து விரிக்கலாம்.

இளைஞர்கள் கம்பியில் தொங்கிப் பழகலாம். நம் நாட்டுக் கர்லாக்கட்டையும் பிடிக்கும் தோளுக்கும் ஒருங்கே வலுவூட்டும் சாதனம்; அதனைத் தக்க ஆசிரியரிடம் கற்பதே நலம்.

கடைப்பிடிக்க வேண்டியவை

முதலில் ஒவ்வொரு பயிற்சியையும் ஒரு சுற்று மட்டும் செய்து, பிறகு மூன்று சுற்றுவரை உயர்த்தலாம். வாரத்தில் இரண்டு மூன்று நாட்கள் போதும். இடையே ஒரு நாளேனும் ஓய்வு வேண்டும். தசை விரைவில் வலுப்பெறும். தசைநாண் மெல்லவே வலுப்பெறும். ஆதலால் அவசரம் கூடாது. அறுவடை போன்ற கடும் உழைப்பு நாட்களில் பயிற்சியை நிறுத்திவைக்கலாம். மூச்சை அடக்கிக்கொண்டு தூக்குதல், இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்குக் கெடுதல். கூரிய வலி தோன்றினால் உடனே நிறுத்திவிட வேண்டும்.

கருவியின் பிடி

வலிமையை வளர்ப்பதைப் போலவே அதை வீணாக்காதிருத்தலும் முக்கியம். மண்வெட்டி முதலியவற்றின் பிடி 3 முதல் 5 சென்டிமீட்டர் வரை கனமுள்ளதாக இருத்தல் நன்று. மெலிந்த பிடியும் பருத்த பிடியும் கையை விரைவில் களைக்கச் செய்யும். ஆடும் காம்பும், மழுங்கிய அரிவாளும் இரட்டிப்பு உழைப்பை வாங்கும். வேலைக்கு முன் அரிவாளைத் தீட்டும் சில நிமிடங்கள், மணிக்கட்டின் பல மணி நேரத் துன்பத்தைத் தவிர்க்கும்.

அபாய அறிகுறிகள்

எல்லாப் பலவீனமும் பயிற்சியால் தீராது. இரவில் கட்டைவிரல், ஆட்காட்டி விரல், நடுவிரல் ஆகியவை மரத்துப்போதல், மணிக்கட்டில் நரம்பு நெருக்கப்படுவதன் அறிகுறியாகலாம். திடீரென ஒரு பக்கக் கை வலுவிழந்தால், அது பக்கவாதமாகலாம். ஒரு நிமிடமும் தாமதியாது மருத்துவமனைக்குச் செல்லவேண்டும்.

தோலில் உணர்ச்சியற்ற வெளிறிய படையும், மோதிர விரலும் சுண்டு விரலும் மடங்கி நிற்பதும் தொழுநோயைக் குறிக்கலாம். இதற்கு அரசு மருத்துவ நிலையங்களில் இலவசமாக மருந்து கிடைக்கிறது. 1946-ஆம் ஆண்டில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தசைநாண்களை இடம் மாற்றிப் பொருத்தும் சிகிச்சையால் இத்தகைய கைகள் பலவற்றை மீண்டும் பொருள்களைப் பற்றும்படி செய்தார். ஆயினும் நோயை ஆரம்பத்திலேயே கண்டு மருந்துண்பதே மேலானது. இதை மறைப்பதில் பெருமையில்லை. கையை இழப்பதுதான் மிச்சம்.

பஞ்சாயத்துகள் செய்யக்கூடியது

இவற்றிற்குப் பெருஞ்செலவு இல்லை. விளையாட்டுத் திடலில் இரு கம்பங்கள் நட்டுக் குறுக்கே ஓர் இரும்புக் குழாயைப் பொருத்தினால், இளைஞர்களுக்குத் தொங்கும் கம்பி கிடைத்துவிடும். உள்ளூர்த் தச்சரிடம் சில கர்லாக்கட்டைகள் செய்துவைக்கலாம். ஆரம்ப சுகாதார நிலையத்தாருடன் கலந்து, ஆண்டுக்கொருமுறை முதியோரின் கைப்பிடியை அளந்து குறித்துவைத்தால், குறைவை முன்கூட்டியே அறியலாம்.

செம்பு நழுவும் முன்பே கையைக் கவனிப்போமாக. தன் கஞ்சியைத் தானே கலந்து குடிக்கவும், தன் வேட்டியைத் தானே பிழிந்து உலர்த்தவும் முடிகிற முதியவர் வீட்டுக்குப் பாரமல்லர். அவர் தம் மானத்தோடு வாழ்கிறார். அந்த மானத்தைக் காப்பதும் கிராம முன்னேற்றப் பணிகளுள் ஒன்றே ஆகும்.