பொன் விளைந்த மண்ணும் புழுதி மேடுகளும்

பங்காரப்பேட்டைச் சந்திப்பிலிருந்து மாரிக்குப்பம் செல்லும் கிளைப்பாதையில் தொடர்வண்டி திரும்பினால், சிறிது நேரத்தில் வெளிர்சாம்பல் நிறக் குன்றுகள் கண்ணில் படும். அவற்றில் பாறை இல்லை, மரமும் அரிது. மழைநீர் அரித்த ஓடைத்தடங்கள் அவற்றின் சரிவெங்கும் கோடுகளாய் ஓடும். புதிதாக வருவோர் அவற்றை இயற்கையான மலைகள் என்றே எண்ணுவர். திரைப்படம் எடுப்போரும் அந்தத் தோற்றத்தை நாடி அங்கே வருவதுண்டு. ஆனால் அக்குன்றுகள் மனிதர் கொட்டிய மண்ணால் ஆனவை. கோலார் தங்கவயலில் வாழும் தமிழர் அவற்றைச் 'சயனைடு மேடு' என்பர்.

1880ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் நிறுவனம் இங்குச் சுரங்கத் தொழிலில் இறங்கியது. வட ஆர்க்காடு, சேலம், தருமபுரி, சித்தூர்ப் பகுதிகளிலிருந்து தமிழ்க் குடும்பங்கள் கூட்டங்கூட்டமாக வந்து, 'லைன்' எனப்பட்ட வரிசை வீடுகளில் குடியேறின. 1902இல் காவிரியின் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் இவ்வூருக்கு வந்தது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. தாத்தா, தந்தை, மகன் என மூன்று தலைமுறையினர் ஒரே குழியில் இறங்கிய வீடுகள் பல. பொன்னின் அளவு குறைந்தது, செலவு பெருகியது. 2001 பிப்ரவரி 28 அன்று பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டது. நீரிறைக்கும் எந்திரங்கள் நின்றபின் சுரங்கங்களில் நீர் நிறைந்தது. மேலே கொட்டிய மண் மட்டும் அப்படியே நின்றது.

அம்மண் எவ்வாறு உண்டாயிற்று? பொன், கல்லுக்குள் கட்டியாக இருப்பதில்லை. கண்ணுக்குத் தெரியாத துகள்களாகக் கலந்திருக்கும். ஆகவே கல்லை அரிசிமாவைப் போல் அரைக்க வேண்டும். அரைத்த மாவுடன் சோடியம் சயனைடு கரைசலைச் சேர்த்தால், காற்றிலுள்ள ஆக்சிசனின் துணையோடு பொன் அக்கரைசலில் கரைந்துவிடும். பின்னர்த் துத்தநாகத்தைச் சேர்த்துப் பொன்னைப் பிரித்தெடுப்பர். 1887இல் ஸ்காட்லாந்தில் மெக்கார்தரும் ஃபாரஸ்ட் உடன்பிறப்புகளும் கண்ட முறை இது. ஒரு டன் கல்லில் 5 கிராம் பொன் இருப்பதாகக் கொள்வோம். அந்த 5 கிராமை எடுத்தபின், ஆயிரம் கிலோவில் மிஞ்சுவது எவ்வளவு? ஏறத்தாழ முழுவதுமே! அந்த மாவு முழுவதும் வெளியே கொட்டப்பட்டது. ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகக் கொட்டியதில் 13 மேடுகள் எழுந்தன. அவற்றில் இருப்பது சுமார் 3 கோடியே 30 லட்சம் டன் என்று அரசு கணக்கிட்டுள்ளது.

சயனைடு என்ற பெயரே அச்சம் தருவது. எனினும் வெயிலும் காற்றும் பட்டால் சயனைடு நாளடைவில் சிதைந்து குறையும். இம்மேடுகளில் அஞ்ச வேண்டியது அது மட்டுமன்று. மாவாக அரைபட்ட கல்லில் சிலிக்கா உண்டு. அதனை நெடுங்காலம் சுவாசிப்போருக்கு நுரையீரல் இறுகிப்போகும் சிலிக்கோசிஸ் என்னும் நோய் வரும். சுரங்கத்துக்குள் பாறையைத் துளைத்த தொழிலாளர் பலரை அந்நோய் வாட்டியது. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பர். மாவாய்க் கிடக்கும் மண்ணுக்கு அக்காற்றில் கேட்கவா வேண்டும்? துவைத்து உலர்த்திய துணியிலும், மூடாத குடத்திலும், திண்ணையிலும் வெண்புழுதி படியும். கண்ணுக்குத் தெரியும் புழுதியைத் துடைத்துவிடலாம். கண்ணுக்குத் தெரியாத நுண்துகளே மார்புக்குள் ஆழமாகச் செல்லும்.

காற்று, நீர், நிலம் ஆகிய மூன்றையும் காப்பதற்கு மாநிலந்தோறும் ஓர் அமைப்பு உண்டு. 1972இல் ஸ்டாக்ஹோம் நகரில் உலக நாடுகள் கூடிச் சுற்றுச்சூழலைப் பற்றிப் பேசின. இரண்டே ஆண்டுகளில், 1974இல், இந்தியாவில் நீர் மாசு தடுப்புச் சட்டம் வந்தது. கர்நாடக மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அவ்வாண்டிலேயே தோன்றியது. 1981இல் காற்றுக்கும் தனிச்சட்டம் பிறந்தது. 1984இல் போபாலில் நச்சுவாயு கசிந்து ஆயிரக்கணக்கானோர் மாண்டனர்; அத்துயரத்தின் பின் 1986இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. வாரியத்தின் தலைமையகம் பெங்களூரில் 'பரிசர பவன்' என்னும் கட்டடத்தில் உள்ளது.

மாசு தரும் தொழிற்சாலையைக் கட்டுவதற்கு முன்பும், அதனை இயக்குவதற்கு முன்பும் வாரியத்தின் இசைவைப் பெறுதல் வேண்டும். தரும் மாசுக்கு ஏற்பத் தொழில்கள் சிவப்பு, ஆரஞ்சு, பச்சை, வெள்ளை முதலிய வகைகளாக வகுக்கப்பட்டுள்ளன. இவையெல்லாம் தாளில் நடக்கும் வேலைகள். வாரியத்தின் உண்மையான வேலை மாதிரி எடுப்பதில் இருக்கிறது.

காற்றை எவ்வாறு அளப்பது? கூரையின் மேல் ஒரு கருவியை வைப்பர். அது காற்றை உறிஞ்சி ஒரு வடிதாளின் வழியே செலுத்தும். தாளை முன்னும் பின்னும் நிறுத்துப் பார்த்தால், படிந்த துகளின் எடை தெரிந்துவிடும். 10 மைக்ரோமீட்டர் அளவும் அதற்குக் குறைவும் உள்ள துகள்கள், 24 மணி நேரச் சராசரியில், ஒரு கனமீட்டர் காற்றில் 100 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது என்பது 2009இல் வகுத்த தேசிய வரம்பு. ஒரு மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. ஒருநாள் அளந்துவிட்டு ஊரின் காற்று நல்லது என்று சொல்லிவிட முடியாது. ஆண்டுச் சராசரியைக் கணிக்க, வாரம் இருமுறையாக ஆண்டுக்குக் குறைந்தது 104 முறை அளத்தல் வேண்டும்.

நீரின் மாதிரிக்கு இன்னும் கண்டிப்பு மிகுதி. தொழிற்சாலையாருக்கு அறிவித்து, எடுத்த நீரை இரு பகுதியாக்கி, இரண்டையும் முத்திரையிட்டு, இருதரப்பும் கையொப்பமிட வேண்டும். ஒரு பகுதி ஆய்வகத்துக்குச் செல்லும். மற்றொன்று, தொழிற்சாலையார் விரும்பினால், வேறோர் ஆய்வகத்துக்குச் செல்லும். இம்முறை தவறினால் ஆய்வின் முடிவை நீதிமன்றம் சான்றாக ஏற்காது. எவ்வளவு கரிய நீரானாலும், குப்பியில் முத்திரை இல்லையேல் வழக்கு நில்லாது! குடிநீரில் சயனைடு ஒரு லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் இருத்தலாகாது.

தங்கவயலுக்கு நெடுங்காலம் குடிநீர் தந்தது பேத்தமங்கலம் ஏரி. அது பாலாற்றின் மேல் அமைந்தது. அதே பாலாறு தமிழ்நாட்டில் வாணியம்பாடி, ஆம்பூர் வழியே செல்கிறது. அங்குத் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு ஆற்றையும் கிணறுகளையும் கெடுத்தது. வேலூர்க் குடிமக்கள் அமைப்பொன்று வழக்குத் தொடுக்க, 1996இல் உச்ச நீதிமன்றம் 'மாசுபடுத்தியவரே ஈடு செய்தல் வேண்டும்' என்னும் நெறியை இந்நாட்டுச் சட்டத்தின் பகுதியாக ஏற்றது. தங்கவயலில் உள்ள பல குடும்பங்களின் பூர்வீக ஊர்கள் அந்த ஆற்றங்கரையில்தான் உள்ளன.

அந்நெறியைத் தங்கவயலில் பொருத்துவது எளிதன்று. ஓடும் ஆலையை மூடவும், அதன் மின்சாரத்தைத் துண்டிக்கவும் 1988இல் வந்த திருத்தம் வாரியத்துக்கு அதிகாரம் தந்தது. ஏற்கெனவே மூடிய சுரங்கத்தை மீண்டும் மூடுவது எவ்வாறு? துண்டிக்க மின்சாரமும் இல்லை. நிறுத்த எந்திரமும் இல்லை. கொட்டியவர்களில் முதல் நிறுவனத்தார் கடல் கடந்து போய்விட்டனர். எஞ்சியிருப்பவர்கள் ஊராரும் அரசும் மட்டுமே.

2024 ஜூனில் ஒரு திருப்பம் நேர்ந்தது. ஏறத்தாழ ஆயிரம் ஏக்கரில் உள்ள 13 மேடுகளிலும் மிஞ்சிய பொன்னை எடுக்கும் மத்திய அரசின் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. ஊரில் இதனை இருவகையாக நோக்கலாம். வேலை வரும் என்பது ஒன்று. சுரங்கம் மூடியபின், விடியுமுன் எழுந்து பெங்களூருக்குத் தொடர்வண்டியில் சென்று, இருட்டியபின் திரும்புவோர் நிறைந்த ஊருக்கு இது சிறிய செய்தியன்று. கிளறினால் புழுதி மேலும் பறக்குமே என்பது மற்றொன்று. நீர் தெளித்தும், சுற்றிலும் மரம் வளர்த்தும், வண்டிகளை மூடியும் புழுதியைக் குறைக்கலாம். ஆனால் வறண்ட கோலார் மாவட்டத்தில் தெளிக்க நீர் எங்கிருந்து வரும் என்ற கேள்வியை முதலிலேயே கேட்டாக வேண்டும்.

அதைக் கேட்பதற்கும் சட்டத்தில் இடமுண்டு. 2006ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி, பெரிய சுரங்கத் திட்டங்களுக்கு மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்துதல் வேண்டும். அதனை நடத்துவது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். தலைமை தாங்குபவர் மாவட்ட ஆட்சியர் அல்லது அவரால் அனுப்பப்படும் உயர் அலுவலர். குறைந்தது 30 நாள் முன்னதாக நாளிதழ்களில் அறிவிக்க வேண்டும். திட்ட அறிக்கையின் சுருக்கத்தை மக்கள் படிக்க வைக்க வேண்டும். கூட்டத்தில் பேசியவற்றை எழுதி, எல்லார் முன்னும் படித்துக்காட்ட வேண்டும். அவ்வறிவிப்பு வருவது வட்டார நாளிதழில். அதாவது கர்நாடகத்தில் பெரும்பாலும் கன்னடத்தில். லைன் வீடுகளில் இருக்கும் முதியோர் பலர் கன்னடம் பேசுவர், படிக்க இயலாது. அவர்தம் பேரப்பிள்ளைகளோ பள்ளியில் கன்னடம் கற்கின்றனர். அறிவிப்பைப் படித்துத் தமிழில் எடுத்துரைக்க அவர்களால் முடியும்.

அருஞ்சொற்பொருள்

இசைவு – அனுமதி
வடிதாள் – துகளைத் தடுத்து நிறுத்தும் தாள்
மாதிரி – ஆய்வுக்கு எடுக்கும் சிறுபகுதி
நெறி – பின்பற்றத்தக்க முறை
பூர்வீகம் – முன்னோர் வாழ்ந்த இடம்

சிந்தித்து விடையளிக்க

1. மாதிரிக் குப்பியில் முத்திரையும் கையொப்பமும் ஏன் தேவை?
2. 'மாசுபடுத்தியவரே ஈடு செய்தல் வேண்டும்' என்னும் நெறியைத் தங்கவயலில் பொருத்துவது ஏன் கடினம்?
3. கருத்துக் கேட்புக் கூட்டத்தில் பேச உமக்கு இரண்டு நிமிடம் கிடைத்தால் எவற்றைக் கேட்பீர்? ஐந்து தொடர்களில் எழுதுக.