போறப்ப ஏழு மணி நேரம், வர்றப்ப ரெண்டு மணி நேரமா?

மாமா பையனுக்கு சிங்கப்பூரில் வேலை கிடைத்தது. டிக்கெட்டை அமுச்சிக்கு வாசித்துக் காட்டினேன். "ஏஞ்சாமி, ராத்திரி 10 மணிக்கு ஏறுனா வெடிகால 4:50க்கு எறங்குவானா? வர்றப்ப மட்டும் 7 மணிக்கு ஏறி 8:50க்கே கோயமுத்தூர் வந்துருவானா? அதெப்படி?" என்றார். நாலு வருஷம் இன்ஜினியரிங் படிச்சும் எனக்கு டக்குனு பதில் வரல. உங்க வீட்டிலும் யாராவது கேட்பாங்க. வாங்க, சேர்ந்தே கணக்குப் போடுவோம்.

முதலில் தூரம். ஈஸியான உதாரணம் டெல்லி. பீளமேட்டில் இருக்கும் நம்ம ஏர்போர்ட் 11.03 டிகிரி வடக்கு, 77.04 டிகிரி கிழக்கு. டெல்லி 28.57 வடக்கு, 77.10 கிழக்கு. தீர்க்கரேகை கிட்டத்தட்ட ஒன்றேதான். அதனால் அட்சரேகை வித்தியாசம் மட்டும் போதும்: 17.54 டிகிரி. பூமியின் ஆரம் 6371 கி.மீ. என்பதால் ஒரு டிகிரிக்கு 111.2 கி.மீ. பெருக்கினால் சுமார் 1950 கி.மீ.

சிங்கப்பூர் 1.36 வடக்கு, 103.99 கிழக்கு. இங்கே இரண்டுமே மாறுகிறது. பூமி உருண்டை என்பதால் இப்படிச் செய்யணும்:

1. இரண்டு ஊர் அட்சரேகைகளின் சைன்களைப் பெருக்குங்க.
2. அதே அட்சரேகைகளின் கொசைன்களையும், தீர்க்கரேகை வித்தியாசமான 26.95-இன் கொசைனையும் பெருக்குங்க.
3. இரண்டு விடைகளையும் கூட்டினால் 0.8792. அதற்கு இன்வர்ஸ் கொசைன் எடுத்தால் 28.45 டிகிரி.
4. அதை 111.2-ஆல் பெருக்கினால் சுமார் 3160 கி.மீ.

கால்குலேட்டர் டிகிரி மோடில் இருக்கான்னு பார்த்துக்கோங்க!

அடுத்து நேரம். ஜெட் விமானம் மேலே மணிக்கு சுமார் 830 கி.மீ. வேகத்தில் போகும் என்று வைப்போம். 3160 கி.மீ.க்கு 3 மணி 50 நிமிடம். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, ஏறுவது, இறங்குவது எல்லாம் சேர்த்து அரை மணி நேரம் கூட்டுங்க. மொத்தம் 4 மணி 20 நிமிடம்.

அப்போ டிக்கெட் பொய் சொல்லுதா? இல்லைங்க. அதில் இருப்பது அந்தந்த ஊர்க் கடிகார நேரம். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கு. போகும்போது அது கூடுகிறது: 6:50. வரும்போது கழிகிறது: 1:50. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் அந்த இரண்டரை மணி நேரம் அடிபட்டுப் போகும். விடை அதே 4:20! மேல்காற்றால் போக, வர ஆகும் நேரம் கொஞ்சம் மாறலாம். சராசரிக்கு இந்த வழி போதும்.

அமுச்சியிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "பஸ்ல திருச்சி போறதுக்கே அஞ்சு மணி நேரம் ஆகுதே சாமி. அப்ப அவன் ரொம்பத் தூரம் போகல" என்றார்.

3160 கி.மீ. என்பதை நான் சொல்லவில்லை.