அளந்து அறிந்து வாங்குவோம்

தில்லியில் கோடை வெயில் கடுமையானது. மே, ஜூன் மாதங்களில் வெப்பநிலை 45 டிகிரி செல்சியசை எட்டும் நாள்களும் உண்டு. அந்நகரின் நான்கு மாடிக் குடியிருப்பு ஒன்றில், மேல்தளத்தில் ஒரு தமிழ்க் குடும்பம் வாழ்ந்து வந்தது. தந்தை நடுவண் அரசு அலுவலகத்தில் பணியாற்றினார். மகள் எட்டாம் வகுப்பிலும் மகன் ஐந்தாம் வகுப்பிலும் பயின்றனர். பாட்டியும் அவர்களுடன் இருந்தார்.

பாட்டி உறங்கும் அறையில் பழைய ஏ.சி. ஒன்று இருந்தது. இரவு முழுவதும் ஓடினாலும் அறை குளிரவில்லை. மின்கட்டணமோ ஏறிக்கொண்டே சென்றது. “பழையதை அகற்றிவிட்டு ஐந்து நட்சத்திர ஏ.சி. வாங்கிவிடலாம். ஊருக்குச் செல்லச் சேர்த்த பணத்தை அதற்குப் பயன்படுத்துவோம்” என்றார் தந்தை. பாட்டி எதுவும் கூறவில்லை. மதுரையில் இருக்கும் தம் தங்கையை அவர் பார்த்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

“அப்பா, ஏ.சி.தான் மின்சாரத்தை வீணாக்குகிறது என்பது உறுதியா? முதலில் அளந்து பார்ப்போமே. பள்ளியில் ஆற்றல் தணிக்கை பற்றிப் படித்தோம்” என்றாள் மகள்.

வீட்டில் எந்தக் கருவி எவ்வளவு மின்சாரத்தைப் பயன்படுத்துகிறது, எங்கே அது வீணாகிறது என ஆராய்ந்து கணக்கிடுவதே ஆற்றல் தணிக்கை. நோயையும் அதன் காரணத்தையும் ஆராய்ந்த பின்னரே மருத்துவம் செய்ய வேண்டும் என்று ‘மருந்து’ என்னும் அதிகாரத்தில் திருவள்ளுவர் அறிவுறுத்துகிறார். வீட்டுக்கும் அம்முறை பொருந்தும். தந்தை அதற்கு இசைந்தார்.

முதலில் ஓராண்டு மின்கட்டணப் பட்டியல்களை வரிசையாக அடுக்கினர். கோடையில் மாதத்திற்கு ஏறத்தாழ 480 யூனிட், அதாவது நாளொன்றுக்கு 16 யூனிட் செலவாகியிருந்தது. ஆயிரம் வாட் திறனுள்ள கருவி ஒரு மணி நேரம் இயங்கினால் செலவாகும் மின்சாரமே ஒரு யூனிட். ஏ.சி.யும் வெந்நீர்க் கருவியும் ஓடாத மார்ச்சு மாதத்திலும் கட்டணம் எதிர்பார்த்த அளவுக்குக் குறையவில்லை. அப்படியானால், ஆண்டு முழுவதும் இயங்கும் ஏதோ ஒன்று மிகுதியாக மின்சாரத்தை உண்கிறது என்று மகள் கருதினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு அனைவரும் கோயிலுக்குப் புறப்பட்டனர். குளிர்சாதனப் பெட்டி ஒன்றை மட்டும் இயங்கவிட்டு, மற்ற அனைத்தையும் நிறுத்தினர். மகள் மீட்டரைத் தொடாமல் அதிலிருந்த எண்ணைக் குறித்துக்கொண்டாள். பகல் ஒரு மணிக்குத் திரும்பியபோது மீட்டர் ஒரு யூனிட் கூடியிருந்தது. ஆறு மணி நேரத்தில் ஒரு யூனிட் என்றால், ஒரு நாளைக்கு நான்கு யூனிட்! இவ்வாறே ஏ.சி.யையும் அளந்தனர். அது மணிக்கு ஒரு யூனிட் வீதம், ஆறு மணி நேரத்தில் ஆறு யூனிட் எடுத்தது. 75 வாட் மின்விசிறிகள் நான்கும் சேர்ந்து ஏறத்தாழ நான்கு யூனிட் எடுத்தன. விளக்குகள், தொலைக்காட்சி முதலியவற்றுக்கு இரண்டு யூனிட் செலவாயிற்று.

பின்னர், காரணத்தைத் தேடினர். குளிர்சாதனப் பெட்டியின் கதவிடையே மகன் ஒரு தாளை வைத்து மூடி இழுத்தான். தாள் எளிதாக வெளியே வந்தது. கதவின் ஓரத்திலிருந்த ரப்பர் பட்டை தளர்ந்திருந்ததால் குளிர்ச்சி கசிந்துகொண்டிருந்தது. பெட்டி சுவரை ஒட்டி இருந்ததால் அதன் வெப்பம் வெளியேறவும் வழியில்லை. ஏ.சி.யின் வடிகட்டியில் தூசி படிந்திருந்தது. இரவு ஒன்பது மணிக்கு மொட்டைமாடித் தரையைத் தொட்டபோது அது இன்னும் சுட்டது. பகலில் ஏற்ற வெப்பத்தை அத்தளம் இரவில் அறைக்குள் இறக்கிக்கொண்டிருந்தது. புதிய ஏ.சி. வாங்கியிருந்தாலும் அந்த வெப்பத்தோடு அதுவும் போராட வேண்டியிருந்திருக்கும்.

தந்தை கணக்கிட்டார். புதிய ஏ.சி. நாளொன்றுக்கு இரண்டு யூனிட் மிச்சப்படுத்தினாலும், கோடையின் 120 நாள்களில் 240 யூனிட்தான். அதன் விலையோ பல ஆயிரம் ரூபாய். சில நூறு ரூபாயில் ரப்பர் பட்டையை மாற்றி, பெட்டியைச் சுவரிலிருந்து தள்ளி வைத்தனர். மீண்டும் அளந்தபோது, ஒரு யூனிட் செலவாக எட்டு மணி நேரம் ஆயிற்று. நாளுக்கு ஒரு யூனிட் வீதம் ஆண்டுக்கு 365 யூனிட் மிச்சம்!

குடியிருப்பினரின் ஒப்புதலுடன் மொட்டைமாடியில் வெள்ளைச் சுண்ணாம்பு பூசப்பட்டது. வெண்மை நிறம் வெயிலைத் திருப்பி அனுப்பும். வடிகட்டியைத் தூய்மை செய்து, 18 டிகிரியில் இருந்த ஏ.சி.யை 24 டிகிரிக்கு மாற்றினர். அதன்பின் நான்கு மணி நேரம் ஓடினாலே பாட்டியின் அறை போதிய அளவு குளிர்ந்தது. வாங்க எண்ணிய ஏ.சி. தரக்கூடிய மிச்சம், அதை வாங்காமலேயே கிடைத்தது.

பழைய கருவிகளை ஒருநாள் மாற்றத்தான் வேண்டும். 2001ஆம் ஆண்டின் ஆற்றல் சேமிப்புச் சட்டத்தின்படி 2002இல் நடுவண் அரசின் ஆற்றல் திறன் செயலகம் அமைக்கப்பட்டது. கருவிகளில் காணப்படும் நட்சத்திரச் சின்னம் அதன் திட்டமே. நட்சத்திர அளவுகோல் அவ்வப்போது உயர்த்தப்படுவதால், வாங்கும்போது சின்னத்திலுள்ள ஆண்டையும் பார்க்க வேண்டும். ஏறத்தாழ 30 வாட்டில் இயங்கும் மின்விசிறிகளை அடுத்த ஆண்டு வாங்கலாம் எனக் குடும்பத்தினர் முடிவு செய்தனர்.

கோடை விடுமுறையில் அவர்கள் மதுரைக்குப் புறப்பட்டனர். பாட்டி தங்கைக்காக வாங்கிய சேலையைப் பெட்டியில் வைத்தார். மகள் கதவைப் பூட்டுவதற்கு முன் மீட்டரின் எண்ணைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள்.

சொற்பொருள்

தணிக்கை – கணக்கை ஆராய்ந்து சரிபார்த்தல்
இசைந்தார் – ஒப்புக்கொண்டார்
தளர்தல் – இறுக்கம் குறைதல்
மிச்சம் – செலவாகாமல் எஞ்சியது

பயிற்சி

1. மார்ச்சு மாதப் பட்டியலிலிருந்து மகள் எதனை உணர்ந்தாள்?
2. குளிர்சாதனப் பெட்டியின் கதவை மகன் எவ்வாறு சோதித்தான்?
3. 75 வாட் மின்விசிறிக்கு மாற்றாக 30 வாட் மின்விசிறி நாள்தோறும் 10 மணி நேரம் ஓடினால், 100 நாள்களில் எத்தனை யூனிட் மிச்சமாகும்?
4. பிரித்து எழுதுக: மின்கட்டணம், குறிப்பேடு, மேல்தளம்.
5. பெற்றோர் துணையுடன் உங்கள் வீட்டு மீட்டரின் எண்ணை ஒரு வாரம் நாள்தோறும் குறித்து, நீங்கள் கண்டறிந்ததை ஐந்து தொடர்களில் எழுதுக.